முக்திநாத் போகாத முக்திநாத் யாத்திரை: பணத்தைத் திருப்பிக் கேட்டு நான்காவது கடிதம்

மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதற்கு முன் எழுதிய மூன்று கடிதங்களுக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்ற ஒரே பதில்தான் வந்தது, அதுவும் அனுப்பிய அரை நிமிடத்தில். இதையாவது ஒரு மனிதர் படிப்பார் என்று நம்பி எழுதுகிறேன்.

போன ஆடியில் உங்கள் "ஆடித் தள்ளுபடி" விளம்பரத்தைப் பார்த்து அம்மா, நான், என் மகள் மூன்று பேருக்கும் எட்டு நாள் நேபாள யாத்திரைக்கு 1,86,000 ரூபாய் கட்டினேன். காட்மாண்டு, சித்வன், போக்கரா, முக்திநாத். மற்றதெல்லாம் எங்களுக்குச் சும்மா, முக்திநாத்துக்காகத்தான் வந்தோம். அம்மாவுக்கு 71 வயது. ஆழ்வார்கள் பாடிய பெருமாள் தலங்களான திவ்ய தேசம் 108இல் இரண்டு இந்த உடம்போடு போகிற இடமே இல்லை, மீதி 106இல் 97 பார்த்துவிட்டார். திருமங்கையாழ்வார் பாடிய சாளக்கிராமம் இதுதான் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தவர். அந்தக் கோயிலில் கொட்டுகிற 108 தாரைகளிலும் தலையை நனைக்கப் போகிறேன் என்று தெருவில் பாதிப் பேரிடம் சொல்லிவிட்டுத்தான் கிளம்பினார்.

போக்கராவிலிருந்து ஜோம்சோமுக்குச் சின்ன விமானம், இருபது நிமிடம், அங்கிருந்து ஜீப் என்று உங்கள் திட்டத்தில் இருந்தது. சரி. முதல் நாள் காலை ஐந்தரைக்கு விமான நிலையம் போனோம், மேகம், ரத்து. இரண்டாம் நாளும் ரத்து. மூன்றாம் நாள் அம்மா குளித்து ஒன்பது கஜம் கட்டி, துளசி மாலையைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்து பதினொன்றரை வரை அதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அப்புறம்தான் கவுண்டரில் இருந்த பெண் பொறுமையாக விளக்கினார். அன்னபூர்ணாவுக்கும் தவளகிரிக்கும் நடுவில் காளி கண்டகி ஆறு அறுத்துக்கொண்டு போகிற பள்ளத்தாக்கு வழியாகத்தான் விமானம் போக வேண்டுமாம், இரண்டு பக்கமும் எட்டாயிரம் மீட்டருக்கு மேல் மலை. மதியம் நெருங்கினால் அங்கே காற்று பேயாக அடிக்கும், அதனால் காலையில் மட்டும்தான் பறப்பார்கள். மழைக்காலத்தில் அந்தக் காலை நேரத்தையும் மேகம் எடுத்துக்கொள்ளும். "ஜூலையில் யார் உங்களுக்கு இதைப் போட்டுக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். நீங்கள்தான் போட்டுக் கொடுத்தீர்கள்.

எனக்கு இது தெரியாது, நான் திருச்சியில் உட்கார்ந்து பாங்கு வேலை பார்க்கிறவள். உங்களுக்குத் தெரியாதா? பதினைந்து வருடமாக நேபாளம் போய் வருகிறோம் என்று நீங்களேதான் போட்டிருக்கிறீர்கள். அக்டோபர், நவம்பர், இல்லாவிட்டால் மார்ச், ஏப்ரலில் வாருங்கள் என்று ஃபேவா ஏரியில் படகு ஓட்டுகிறவர் முதல் ஹோட்டல் வாசலில் நிற்கிற பையன் வரை எல்லோரும் சொல்கிறார்கள், உங்கள் அலுவலகத்தில் மட்டும் யாரும் சொல்லவில்லை. ஆடித் தள்ளுபடியில் துணியோடு மழையையும் சேர்த்து விற்றிருக்கிறீர்கள்.

அந்த ஏரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். உங்கள் விளம்பரத்தில் ஏரித் தண்ணீரில் வெள்ளை மலை தலைகீழாகத் தெரிகிற படம், கீழே "அன்னபூர்ணா" என்று போட்டிருக்கிறது. அது அன்னபூர்ணா இல்லை, மச்சபுச்ரே. மீன் வால் மாதிரி உச்சி பிளந்திருப்பதால் அந்தப் பெயர். 6,993 மீட்டர், அதில் ஏற யாரையும் விடுவதில்லை. இது படகுக்காரர் சொல்லிக் கொடுத்தது, அதுவும் என் மகளின் போனில் படத்தைப் பார்த்துத்தான், ஏனென்றால் நேரில் சாம்பல் நிறத்தைத் தவிர எதுவும் தெரியவில்லை. விற்கிற மலையின் பெயர்கூட உங்களுக்குத் தெரியவில்லை.

இப்போது முக்கியமான விஷயம். மூன்றாம் நாள் ரத்தானதும் உங்கள் சென்னை அலுவலகத்துக்குப் போன் செய்தேன். எடுத்தவர் ஜீப்பில் போகலாம், ஆளுக்கு 9,000 கூடுதல், பாதையில் மண் சரிந்தால் நாங்கள் பொறுப்பில்லை என்றார். 71 வயது அம்மாவை மண் சரிகிற மலைப் பாதையில் நாள் முழுக்க எப்படிக் கூட்டிப்போவது என்று கேட்டதற்கு அவர் சொன்னது, வார்த்தை மாறாமல் எழுதுகிறேன்: "பெருமாள் கூப்பிடலைன்னா நாங்க என்ன மேடம் பண்றது?" போன் ஸ்பீக்கரில் இருந்தது. அம்மா கேட்டுக்கொண்டிருந்தார். அன்று ராத்திரி சாப்பிடவில்லை. திருச்சிக்கு வந்த பிறகும், தான் என்ன பாவம் செய்தேன் என்று என்னிடம் கேட்டார். பணத்தை விடுங்கள், அம்மாவின் ஆயுளில் பத்து வருடத்தை அந்த ஒரு வாக்கியம் தின்றுவிட்டது. அந்த நபர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

சித்வனிலும் இதே கதைதான், ஆள் உயரத்துக்கு மேல் புல், காண்டாமிருகம் என்று காட்டியது ஒரு முதுகு மட்டும். காட்மாண்டு பக்கத்தில் இருக்கிற பக்தபூரில் ஐந்து அடுக்கு ந்யாதபோலா கோயில், 1934, 2015 என்று இரண்டு பெரிய பூகம்பத்திலும் நின்ற கோபுரம், அதற்கு இருபது நிமிடம். உங்கள் டிரைவர் கூட்டிப்போன ருத்ராட்சக் கடைக்கு இரண்டு மணி நேரம்! மண்சட்டியில் கொடுக்கிற அந்த ஊர்த் தயிர் மட்டும் பிரமாதம், அதையும் என் காசில்தான் வாங்கிச் சாப்பிட்டோம்.

ரத்தான டிக்கெட்டின் பணம், டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜென்டுக்கே திரும்பிவிடும் என்று கவுண்டரில் சொன்னார்கள். உங்களைக் கேட்டால் காட்மாண்டு பார்ட்னரைக் கேளுங்கள் என்கிறீர்கள், அவர் சென்னையைக் கேளுங்கள் என்கிறார். நேரில் வாருங்கள் என்றீர்கள் என்பதற்காக லீவு போட்டு, பல்லவன் ரயிலில் ஏறி, மதியம் எழும்பூரில் இறங்கி, ஆட்டோவுக்கு 280 கொடுத்து உங்கள் அலுவலகம் வந்தேன். "சார் இன்னைக்கு லீவு, திங்கட்கிழமை வாங்க." முந்தின நாள் வரச் சொன்னதே அந்த சார்தான். வாட்ஸ்அப்பில் கேட்டால் இரண்டு நீலக் குறி, அதோடு சரி.

உங்களிடம் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. காட்மாண்டு ஹோட்டல் நன்றாக இருந்தது, அதையும் சொல்கிறேன். நான் கேட்பது ஜோம்சோம் விமானக் கட்டணம் முழுவதும், முக்திநாத் பகுதிக்கு வாங்கிய ஜீப், தங்கும் அறை, அனுமதிச் சீட்டுப் பணம், எல்லாம் சேர்த்து 64,500 ரூபாய். பதினைந்து நாளில் வங்கிக் கணக்குக்கு வர வேண்டும். "அடுத்த பயணத்தில் கழித்துக்கொள்ளலாம்" என்ற கூப்பன் வேண்டாம். வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிவு செய்துவிட்டு நேராக மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். கட்டிய தொகை ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணமும் கிடையாது, இரண்டு வருடம் வரை நேரமும் இருக்கிறது. ரசீது, ரத்துச் சீட்டு மூன்று, வாட்ஸ்அப் உரையாடல் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன. தயவு செய்து அந்த அளவுக்குக் கொண்டுபோகாதீர்கள்.

இப்படிக்கு,
மூன்று பேர் பெயரில் முன்பதிவு செய்தவர்,
திருச்சி

பி.கு.: நேற்றும் பார்த்தேன், அந்தப் படத்தின் கீழே இன்னும் அன்னபூர்ணா என்றே இருக்கிறது.