எழுபதில் தொடங்குபவருக்கும் ஒரு படம் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஜூன் 21 நெருங்கினால் உங்கள் பத்திரிகையில் யோகா பக்கம் வந்துவிடும். ஐ.நா. சபை 2014 டிசம்பரில் அந்த நாளை யோகா தினமாக அறிவித்து, 2015இல் முதல் முறை கொண்டாடியதிலிருந்து அந்தப் பக்கத்தை விடாமல் படித்து வருகிறேன். எழுதுபவர் மாறுகிறார், தலைப்பு மாறுகிறது, படம் மட்டும் மாறுவதில்லை. இருபது வயதைத் தாண்டாத ஒருவர் நெற்றியை முழங்காலில் ஒட்டிக்கொண்டு சிரித்தபடி உட்கார்ந்திருப்பார், கீழே "எந்த வயதிலும் தொடங்கலாம்" என்று ஒரு வரி இருக்கும். எந்த வயதிலும் என்றால் என் வயதிலும்தானே? எனக்கு 68. நின்றபடி குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டி ஒரு சாண் போகும், அதற்கு மேல் போகாது. சம்மணம் போட்டால் முழங்கால் இரண்டும் தரையைப் பார்க்காமல் கூரையைப் பார்க்கும். இந்த உடம்போடு யோகா கற்றுக்கொண்டிருக்கிறேன், அதனால் உங்களிடம் ஒரு கோரிக்கை வைக்கலாம் என்று தோன்றியது.

இளைஞர் படம் இல்லாத வருடத்தில் நீங்கள் போடுவது தொண்ணூறு வயதில் உடம்பை வில்லாக வளைக்கும் பெரியவரின் படம். நானம்மாள் பாட்டியையே எடுத்துக்கொள்ளுங்கள். 2018இல் பத்மஸ்ரீ பெற்றார், 2019இல் 99 வயதில் மறைந்தார், முதுமையிலும் ஆசனம் செய்தார், மற்றவர்களுக்குக் கற்றும் கொடுத்தார். அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் அவர் சிறுமியாக இருந்தபோதே தொடங்கிவிட்டவர். வாழ்நாள் முழுக்க ஆசனம் செய்த உடம்பும், வாழ்நாள் முழுக்க மேசைக்கு முன்னால் உட்கார்ந்து கிடந்த உடம்பும் ஒன்றாகுமா? அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு "அவரே செய்கிறார், நமக்கென்ன" என்று மறுநாளே தலைகீழாக நிற்கப் பார்ப்பவர்களும் இருக்கிறார்கள், "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று மூட்டை கட்டி வைப்பவர்களும் இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் அந்தப் படம் உதவவில்லை. எங்களுக்குத் தேவை, விறைத்துப்போன ஒரு சாதாரண உடம்பு முதல் வாரத்தில் என்ன செய்யும் என்று காட்டும் படம்.

ஆசனக் குறிப்புகள் பெரும்பாலும் "விரிப்பில் அமரவும்" என்று ஆரம்பிக்கின்றன. அமர்வதுதானே ஐயா எங்களுக்குப் பெரிய ஆசனம்! தரையில் உட்கார்ந்துவிட்டால் எழுந்திருக்க முடியுமா என்ற பயத்திலேயே பாதிப் பேர் வகுப்புப் பக்கம் போவதில்லை, வெளியே சொல்லிக்கொள்ள மாட்டார்கள், அவ்வளவுதான். இதற்கு ஒரு முறை இருக்கிறது, அதைக் கற்றுக்கொண்ட பிறகுதான் எனக்கு மற்றதில் தைரியம் வந்தது. அசையாத, சக்கரம் இல்லாத நாற்காலி ஒன்றைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன் இருக்கையைப் பிடித்துக்கொண்டு ஒரு முழங்காலை மடித்த போர்வைமேல் ஊன்ற வேண்டும், அப்புறம் அடுத்த முழங்கால், அப்புறம் கைகளைத் தரையில் ஊன்றிப் பக்கவாட்டில் இடுப்பை இறக்கி உட்கார வேண்டும். எழும்போது இதையே தலைகீழாக. படுத்திருந்தால் நேராக எழவே கூடாது, ஒருக்களித்துப் படுத்து, கையால் தள்ளி உட்கார்ந்து, கை, முழங்கால் நான்கையும் ஊன்றி நாற்காலியிடம் போய், பலமான காலை முன்னால் வைத்து, இருக்கையில் இரண்டு கையையும் அழுத்தி எழ வேண்டும். எழுந்ததும் உடனே நடக்காமல் கொஞ்சம் நிற்க வேண்டும். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கிக் கண் இருட்டும். முழங்கால் மாற்று அறுவை செய்துகொண்டவர்களுக்கு முழங்கால் ஊன்றுவதே சங்கடம், அவர்கள் தரைக்கு இறங்காமலே எல்லாவற்றையும் நாற்காலியிலோ கட்டிலிலோ செய்துகொள்ளலாம், ஒரு குறையும் வராது.

உடம்பு ஏன் இப்படி விறைக்கிறது என்பதையும் யாராவது எழுதினால் நல்லது. வயது ஏற ஏறத் தசைநாண்களில் உள்ள கொலாஜன் என்ற புரத இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகுகின்றன, முதுகெலும்புத் தட்டுகளில் நீர் குறைகிறது, தசையின் அளவும் குறைகிறது. இதில் பயிற்சியால் சரியாவதும் உண்டு, ஆகாததும் உண்டு. இடுப்பு மூட்டின் குழி எவ்வளவு ஆழம், தொடை எலும்பின் கழுத்து எந்தக் கோணத்தில் அமைந்திருக்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு. சிலருக்கு அந்த எலும்பு அமைப்பே பத்மாசனத்துக்கு இடம் கொடுக்காது, இருபது வயதில் தொடங்கியிருந்தாலும் கொடுத்திருக்காது. இது தெரியாமல் "பழகினால் வந்துவிடும்" என்று காலை இழுத்து மடக்குகிறார்கள். இடுப்பு திரும்பாவிட்டால் அந்தத் திருகல் முழுக்க முழங்காலில்தான் இறங்கும். ஏற்கெனவே தேய்ந்த முழங்கால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

ஒரு வகுப்பில் எனக்கு நடந்தது இது. காலை நீட்டி உட்கார்ந்து முன்னால் குனியும் பச்சிமோத்தாசனத்தில் நான் முடிந்தவரை குனிந்திருந்தேன், அது பார்ப்பதற்குக் குனிந்தது மாதிரியே இருந்திருக்காது. மாஸ்டர் பின்னால் வந்து முதுகில் இரண்டு கையையும் வைத்து அழுத்தினார். நல்ல எண்ணத்தில்தான் செய்தார். ஆனால் சேரும்போது எனக்கு என்ன நோய், என்ன மாத்திரை, எலும்பு எப்படி இருக்கிறது என்று அங்கே யாரும் கேட்கவில்லை, கட்டணத்தை மட்டும் கேட்டார்கள். நான் எழுந்து வந்துவிட்டேன். எலும்பு அடர்த்தி குறைந்தவர்களுக்கு முதுகைக் கூனலாக வளைத்து முன்னால் குனிவதே ஆபத்து, முள்ளெலும்பின் முன்பக்கம் நசுங்கி முறிய வாய்ப்பு உண்டு, அதுவும் மேலிருந்து ஒருவர் அழுத்தினால் கேட்கவே வேண்டாம். மாதவிடாய் நின்ற பெண்களில் பலருக்குத் தங்கள் எலும்பு மெலிந்திருப்பது முறியும்வரை தெரிவதில்லை. அதனால்தான் சொல்கிறேன், சேரும் முன்னால் உடல்நிலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காத வகுப்பு என்றால் அங்கிருந்து கிளம்பிவிடலாம்.

இப்போது போகும் வகுப்பில் அதே ஆசனத்தை வேறு விதமாகச் செய்கிறேன். போர்வையைக் கெட்டியாக மடித்து அதன் விளிம்பில் உட்காருகிறேன், அதனால் இடுப்பு முன்பக்கம் சாய்கிறது. முழங்காலை லேசாக மடக்கிக்கொள்கிறேன். பாதத்தில் ஒரு நீளத் துண்டை மாட்டி அதன் இரு நுனியையும் பிடித்து, முதுகை நேராக வைத்தபடி கொஞ்சம் முன்னால் சாய்ந்தால் போதும், தொடையின் பின்பக்கம் இழுபடுவது தெளிவாகத் தெரிகிறது. அங்கே முப்பது விநாடியிலிருந்து ஒரு நிமிடம்வரை மூச்சை அடக்காமல் இருக்க வேண்டும், துள்ளித் துள்ளிக் குனியக் கூடாது. தசையின் நடுப்பகுதியில் பரவலாக இழுப்பு தெரிந்தால் சரி. மூட்டில் குத்தினாலோ, மின்சாரம் பாய்ந்தது மாதிரி காலில் இறங்கினாலோ, மரத்துப்போனாலோ உடனே நிறுத்த வேண்டும். இந்த வித்தியாசத்தை நான்கு வரியில் ஒரு கட்டத்துக்குள் போட்டீர்கள் என்றால் பலருடைய முதுகு பிழைக்கும்.

துண்டு, போர்வை, நாற்காலி என்றதும் "இதெல்லாம் யோகாவா" என்று உதட்டைப் பிதுக்குபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு பி.கே.எஸ். அய்யங்காரை நினைவுபடுத்த வேண்டும். மரக்கட்டை, பெல்ட், நாற்காலி, சுவரில் கட்டிய கயிறு என்று ஆசனத்துக்கான துணைக்கருவிகளை உலகம் முழுக்கப் பரப்பியவர் அவர்தான். 1918இல் பிறந்து, மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று வரிசையாக நோயில் விழுந்து மெலிந்து விறைத்துப்போன பையனாகத்தான் தன் அக்கா கணவர் கிருஷ்ணமாச்சாரியாரிடம் மைசூரில் யோகா கற்கப் போனார். உடம்பு ஒத்துழைக்காத நிலை எப்படி இருக்கும் என்று தெரிந்தவர். கிருஷ்ணமாச்சாரியாரும் பிற்காலத்தில் ஆளைப் பார்த்துத்தான் ஆசனத்தை மாற்றிக் கொடுத்தார், நூறு வயது கடந்து 1989வரை இருந்தார். இவ்வளவு பெரிய ஆசான்களுக்கே கூச்சம் இல்லாதபோது நமக்கு நாற்காலியில் உட்கார என்ன வெட்கம்?

நாற்காலியிலேயே நிறைய செய்யலாம். உட்கார்ந்தபடி இரண்டு கையையும் மேலே தூக்குவது, முதுகெலும்பை முன்னும் பின்னும் மெதுவாக அசைப்பது (எலும்பு மெலிந்தவர்கள் முன்பக்கம் வளைப்பதை விட்டுவிட வேண்டும்), நாற்காலியின் முதுகைப் பிடித்து மெதுவாகப் பக்கவாட்டில் திரும்புவது, கணுக்காலைச் சுழற்றுவது, ஒரு காலை நீட்டித் தூக்கிப் பிடிப்பது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுந்து மறுபடி மெதுவாக உட்கார்வதைத் தனியாகச் சொல்ல வேண்டும். அதை யாரும் ஆசனம் என்று மதிப்பதில்லை, ஆனால் தொடைக்கும் இடுப்புக்கும் அதைப்போல் பலம் தருவது குறைவு, கழிப்பறையிலிருந்து எழுவதுவரை தினசரி வேலைக்கு அதுதான் உதவுகிறது. எனக்குக் கால் விரலைத் தொடும் ஆசையெல்லாம் போய்விட்டது, பிடிமானம் இல்லாமல் எழ முடிவதில்தான் இப்போது கவனம்.

அடுத்தது சமநிலை. வயதானவர்களை வீழ்த்துவது, சொல்லப்போனால், விழுவதுதான். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது சமநிலைக்கும் பலத்துக்குமான பயிற்சி செய்ய வேண்டும் என்று சொல்லியிருக்கிறது. 2022இல் பிரேசிலில் 51 முதல் 75 வயதுவரை உள்ள 1,702 பேரைப் பார்த்து வெளிவந்த ஓர் ஆய்வில், ஒற்றைக் காலில் பத்து விநாடி நிற்க முடியாதவர்கள் ஐந்தில் ஒருவர் இருந்தார்கள், அடுத்து வந்த வருடங்களில் அவர்களிடையே இறப்பும் அதிகமாக இருந்தது. நிற்கப் பழகினால் ஆயுசு கூடும் என்று அந்த ஆய்வு சொல்லவில்லை, அப்படி யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் நம்ப வேண்டாம். ஆனால் கீழே விழாமல் இருக்க, ஒற்றைக் காலில் நிற்கும் விருட்சாசனம் பழகுவதில் அர்த்தம் இருக்கிறது. தூக்கிய பாதத்தைத் தொடையில் வைக்க வேண்டாம், அதன் கட்டைவிரல் நுனி தரையிலேயே இருக்கட்டும், குதிகால் மட்டும் மற்றக் கணுக்காலில் சாயட்டும், ஒரு கை சுவரில். முழங்கால் மூட்டின் மேலேயே பாதத்தை அழுத்துவது மட்டும் கூடாது.

யார் எதைச் செய்யக் கூடாது என்று உங்கள் பக்கத்தில் பார்த்த ஞாபகம் இல்லை, அதனால் இதையும் எழுதிவிடுகிறேன். கிளாக்கோமா எனும் கண் அழுத்த நோய் உள்ளவர்கள் தலைகீழ் ஆசனங்களை விட்டுவிட வேண்டும், சிரசாசனத்தில் கண்ணின் அழுத்தம் ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது, தலையைத் தொங்கவிடும் அதோமுக சுவானாசனத்திலும் ஏறுகிறது. கட்டுக்குள் வராத ரத்த அழுத்தம், இதய நோய், குடலிறக்கம் உள்ளவர்கள் கபாலபாதி, பஸ்திரிகா மாதிரி வேக மூச்சையும் நீண்ட நேரம் மூச்சை அடக்குவதையும் தவிர்க்க வேண்டும், மெதுவாக உள்ளே இழுத்து இன்னும் மெதுவாக விடுவதே அவர்களுக்குப் போதும். இடுப்பு மூட்டு மாற்றியவர்கள் காலைக் குறுக்கே போடுவதற்கும் ஆழமாகக் குனிவதற்கும் முன்னால் அறுவை செய்த மருத்துவரைக் கேட்க வேண்டும். கழுத்துத் தேய்மானம் உள்ளவர்கள் தோளில் நிற்கும் சர்வாங்காசனம், காலைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோகும் ஹலாசனம் இரண்டையும் மறந்துவிடலாம். மருத்துவரிடம் "யோகா செய்யலாமா" என்று மொட்டையாகக் கேட்டால் "தாராளமாகச் செய்யுங்கள்" என்பார். குனியலாமா, தலையைக் கீழே இறக்கலாமா, மூச்சை அடக்கலாமா என்று பிரித்துக் கேட்டால்தான் உருப்படியான பதில் கிடைக்கும்.

சவாசனம் பற்றி ஒரு வரி. முழங்காலுக்கு அடியில் ஒரு தலையணை, கூன் இருந்தால் தலைக்கு அடியிலும் ஒன்று. இதைக்கூட யாரும் சொல்லாததால் முதுகு வலியோடு மல்லாந்து கிடந்து "ஓய்வே இவ்வளவு கஷ்டமா" என்று நினைப்பவர்கள் உண்டு.

என் கோரிக்கை பெரிதல்ல. அடுத்த ஜூன் மாதத்துக்குக் காத்திருக்காமல், வாரம் ஒரு நாள் அரைப் பக்கம் ஒதுக்குங்கள். படத்தில் இருப்பவருக்கு அறுபது வயதாவது ஆகியிருக்கட்டும், தொப்பை இருந்தால் இன்னும் நல்லது. எழுத்து பெரிதாக இருக்கட்டும், ஒவ்வொரு ஆசனத்தின் கீழும் "இவர்கள் செய்ய வேண்டாம்" என்ற வரி கட்டாயம் வரட்டும், அந்த வரியை எலும்பு மருத்துவர் அல்லது பிசியோதெரபிஸ்ட் ஒருவர் பார்த்துச் சரி சொன்ன பிறகு அச்சுக்குப் போகட்டும். முதல் வாரம் ஆசனமே வேண்டாம், தரையில் உட்கார்ந்து எழுவது எப்படி என்று ஆறு படம் போட்டால் போதும்.

இப்படிக்கு,
பணி ஓய்வு பெற்ற வாசகர் ஒருவர்