ஃபிளெட்சரின் இன்னொரு பாதி

ஆசிரியருக்கு,

நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, பிரிட்டிஷ் மருத்துவர் சார்லஸ் ஃபிளெட்சரை 1941-ல் ஆக்ஸ்ஃபோர்டில் பெனிசிலின் ஊசி போட்டவர் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது. அவருடைய பெரிய உழைப்பு அதற்கு அப்புறம்தான். வேல்ஸ் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களின் நுரையீரலை ஆராய்ந்தார். பிறகு லண்டனில் வேலை பார்த்த ஆண்களை எட்டு ஆண்டுகள் தொடர்ந்து கருவியில் ஊதவைத்து மூச்சுத்திறனை அளந்தார். புள்ளியியலாளர் ரிச்சர்ட் பீட்டோவுடன் 1977-ல் அவர் ஒரு வரைபடத்தோடு எழுதியது இதுதான்: புகைப்பதை விட்டால் இழந்த மூச்சு திரும்பாது, ஆனால் மேற்கொண்டு இழக்கும் வேகம் புகைக்காதவர் அளவுக்குக் குறையும். எந்த வயதில் விட்டாலும் லாபமே.

என் அப்பா முப்பது வருடம் பீடி பிடித்தவர். இருமலுக்கு டானிக்தான் கிடைத்தது. 61 வயதில்தான் மூச்சுத்திறனை அளக்கும் ஸ்பைரோமீட்டர் கருவியில் ஊதினார். "இனிமே விட்டு என்ன ஆகப்போவுது" என்றவருக்கு, மருத்துவர் ஃபிளெட்சரின் அந்த வரைபடத்தை மருந்துச் சீட்டின் பின்பக்கம் பேனாவால் கிறுக்கிக் காட்டினார். அன்றோடு விட்டார். இன்றும் மாடிப்படி ஏறுகிறார், நடுவில் ஒருமுறை நின்று. விடாத இருமலோடு வரும் புகைப்பழக்கமுள்ளவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஃபிளெட்சரின் வரைபடத்தைத் தமிழில், பெரிய அளவில் நீங்களும் வெளியிடலாம்.

ஒரு வாசகர், திண்டுக்கல்