இந்த டிஸ்க் உன்னிடம் இருக்கட்டும்

அன்புள்ள தம்பிக்கு,

நானும் அம்மாவும் நலம். சித்தப்பாவிடம் கொடுத்துவிட்டிருக்கும் ஹார்ட் டிஸ்க்கில் நம் வீட்டுப் படங்கள் அத்தனையும் இருக்கின்றன. கொரியரில் போட மனசு வரவில்லை.

போன ஐப்பசியில் பழைய டிஸ்க் கெட்டுப்போனது உனக்குத் தெரியும். செருகினால் டிக் டிக் என்று சத்தம் மட்டும்தான் வந்தது. அப்பத்தா பூக்கட்டும் படம் அதில்தான் இருந்தது. அன்றைக்கு ராத்திரி அம்மா சாப்பிடவில்லை. அக்கா போனில் அதே படம் இருந்தது, ஆனால் வாட்ஸ்ஆப்பில் வந்தது. வாட்ஸ்ஆப் படத்தைச் சுருக்கிவிடும், எடுத்த தேதியும் அதோடு வராது. பெரிதாக்கிப் பார்த்தால் விரல் எது, நார் எது என்றே தெரியவில்லை. அப்புறம் பீரோவில் ஒரு பழைய மெமரி கார்டு அகப்பட்டது. அதில் முழுப் படமும் இருந்தது. நனைத்த வாழைநார், வெற்றிலைக் கறை படிந்த விரல் நுனி, மடியில் குவிந்த மல்லிகை மொட்டு. அம்மா ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

அன்றைக்கு உட்கார்ந்தவன்தான், நாலு மாசம் ஆயிற்று. 38,000 படம் இருந்தது, ஒரே படம் நாலு இடத்தில். பெயரில் வருஷம், மாசம் முதலில் வரும்படி போட்டிருக்கிறேன்: ‘2016-04 சித்திரைத் திருவிழா’. அப்படிப் போட்டால் கம்ப்யூட்டரே காலவரிசையில் அடுக்கிவிடுகிறது. நாம் பால் காய்ச்சிய படங்கள் எல்லாம் 2005 ஜனவரி 1 என்று காட்டின. கேமராவில் பேட்டரி தீர்ந்து கடிகாரம் பழைய தேதிக்குப் போயிருக்கிறது. பின்னால் சுவரில் தொங்கிய தினசரி காலண்டரைப் பெரிதாக்கிப் பார்த்தேன், செப்டம்பர் 12. வருஷத்தை அம்மா சொன்னாள், உனக்கு முன்பல் விழுந்த வருஷம். 2008 என்று மாற்றினேன்.

2020, 2021இல் அழகர் ஆற்றில் இறங்கும் படம் தேடாதே, கொரோனாவால் அந்த இரண்டு வருஷமும் அவர் வைகைக்கு வரவில்லை. மீனாட்சியம்மன் கோயிலுக்குள் நீயும் அப்பத்தாவும் நிற்கிற படங்களைப் பத்திரமாக வை. 2018 தீ விபத்துக்கு அப்புறம் உள்ளே செல்போன் கொண்டுபோக விடுவதில்லை, இனி அப்படி எடுக்க முடியாது.

‘எல்லாம் கூகுளில்தான் இருக்கே’ என்று நீ சொல்வாய். 2021 ஜூனிலிருந்து படங்களும் கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி இடத்துக்குள்தான் அடங்க வேண்டும். நான் மாசாமாசம் பணம் கட்டுகிறேன், சரி. ஆனால் போனில் கூகுள் போட்டோஸ் செயலியில் கை தவறி ஒன்றை அழித்தால் அங்கேயும் போய்விடும், குப்பைத்தொட்டியில் 60 நாள் கிடக்கும், அவ்வளவுதான். புகைப்படக்காரர்கள் 3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில். வீட்டுக் கம்ப்யூட்டரில் ஒன்று, கூகுளில் ஒன்று. வேறு ஊரில் இருக்க வேண்டியதுதான் இப்போது உன் கைக்கு வருகிறது.

இதில் நீ எதையும் மாற்றாதே, அழிக்காதே. சினிமாப் படம் ஏற்றாதே. பொங்கலுக்குப் பொங்கல் செருகி, நாலு படம் திறந்து பார். நாலைந்து வருஷத்தில் புது டிஸ்க் வாங்கி அதற்கு மாற்றிவிடு.

கைக்கு வந்ததும் 2012 ஃபோல்டரில் அப்பத்தா படத்தைத் திறந்து பார்த்துவிட்டுப் போன் போடு. நார் தெளிவாகத் தெரிகிறது என்று நீ சொன்ன பிறகுதான் இங்கே இரட்டையாகக் கிடக்கும் படங்களை அழிப்பேன்.

அன்புடன்,
அப்பா