மாய் செட்டர்லிங்கின் படங்களைத் திரையிடுங்கள்

உலக சினிமா திரையிடும் திரைப்படச் சங்க நண்பர்களுக்கு,

வணக்கம். ஸ்வீடன் படவிழா என்றால் அந்நாட்டின் புகழ்பெற்ற இயக்குநர் இங்மர் பெர்க்மன் கட்டாயம் இருப்பார். இருக்கட்டும், வேண்டியதுதான். ஆனால் அதே வரிசையில் இயக்குநர் மாய் செட்டர்லிங்குக்கும் இடம் கொடுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நடிகையாக அவரை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். பெர்க்மன் திரைக்கதை எழுதிய 'டார்மென்ட்' (1944) படத்தில் புகையிலைக் கடைப் பெண்ணாக வருபவர் அவர்தான். அப்போது வயது 19. அப்புறம் இங்கிலாந்து போய் 'ஃப்ரீடா' (1947) தொடங்கி வரிசையாக நடித்தார். நல்ல பெயரும் வேலையும் இருந்தபோதே படம் எடுக்க இறங்கினார். அவருடைய 'தி வார் கேம்' குறும்படத்துக்கு 1963இல் வெனிஸ் திரைப்பட விழாவில் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே முதல் முழுநீளப் படமான 'லவ்விங் கப்பிள்ஸ்'. பிரசவத்துக்குக் காத்திருக்கும் மூன்று பெண்கள் தங்கள் வாழ்க்கையை நினைத்துப் பார்க்கும் கதை. பாலியல் காட்சிகளால் சர்ச்சையான 'நைட் கேம்ஸ்' (1966) படத்தை வெனிஸ் விழாவில் பொதுமக்களுக்குக் காட்டவே இல்லை. சான் பிரான்சிஸ்கோ விழா அதைத் திரையிட முடிவு செய்ததும், குழந்தை நட்சத்திரமாகப் புகழ்பெற்ற ஷெர்லி டெம்பிள் அந்த விழாக் குழுவிலிருந்து விலகினார்.

நான் முக்கியமாகக் கேட்பது 'தி கேர்ள்ஸ்' (1968). பிபி ஆண்டர்சன், ஹாரியட் ஆண்டர்சன், குன்னெல் லிண்ட்ப்ளோம் என்று பெர்க்மன் படங்களில் நாம் கொண்டாடிய மூன்று முகங்களும் இதில் உண்டு. போரை நிறுத்தும்வரை கணவர்களிடம் நெருங்க மாட்டோம் என்று பெண்கள் மறுக்கும் பழைய கிரேக்க நாடகமான 'லைசிஸ்ட்ராட்டா'வை எடுத்துக்கொண்டு மூன்று நடிகைகள் ஊர் ஊராகப் போகிறார்கள். மேடையில் பேசும் வசனம் மெல்ல அவர்களுடைய வீட்டுக்குள்ளும் நுழைகிறது. குழந்தையை யாரிடம் விடுவது என்ற கவலை, கணவனின் அலட்சியம், பகற்கனவு எல்லாம் ஒன்றோடொன்று கலந்து ஓடுகின்றன. ஒரு காட்சியில் நாடகம் முடிந்ததும் பிபி ஆண்டர்சன் பார்வையாளர்களிடம் மனம்விட்டுப் பேச முயல்கிறார். அவர்கள் சும்மா உட்கார்ந்திருக்கிறார்கள். அந்தக் காட்சிக்காகவே இந்தப் படத்தைக் கூட்டத்தோடு உட்கார்ந்து பார்க்க வேண்டும். வீட்டில் தனியாகப் பார்த்தால் அந்தச் சங்கடம் நம்மீது இறங்காது.

படம் வந்த புதிதில் ஸ்வீடன் விமர்சகர்கள் பலர் அதைக் கடுமையாகச் சாடினார்கள், வசூலும் இல்லை. பிரெஞ்சுப் பெண்ணிய எழுத்தாளர் சிமோன் த பொவார் பாராட்டியதும் கைகொடுக்கவில்லை. திரையரங்குக்கென்று ஸ்வீடனில் அவர் எடுத்த அடுத்த முழுநீளக் கதைப்படம் 'அமொரோசா', 1986இல் வந்தது. இடையில் 18 ஆண்டுகள். ம்யூனிக் ஒலிம்பிக் பற்றிய கூட்டுப் படத்தில் பளுதூக்குபவர்களை அவர் எடுத்த பகுதியைப் பார்த்தால் அந்த இழப்பு எவ்வளவு பெரிது என்று புரியும். 1994இல் காலமானார்.

ஒரே ஒரு வேண்டுகோள். இதை மகளிர் தினமான மார்ச் 8க்கென்று எடுத்து வைக்காதீர்கள். உங்கள் வழக்கமான காட்சிகளில் ஒன்றாகவே போடுங்கள். முதலில் 'தி கேர்ள்ஸ்', அடுத்த மாதம் 'லவ்விங் கப்பிள்ஸ்'. படம் முடிந்ததும் நடக்கும் கலந்துரையாடலில் பெண்கள் முதலில் பேசட்டும்.

அன்புடன்,
உங்கள் காட்சிகளுக்குத் தவறாமல் வரும் ஒரு ரசிகை