நாணயக் கணக்கு முதலில் மனத்தில் நடக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 63 ரூபாய்க்குப் பொருள் வாங்கி 100 ரூபாய் கொடுத்தால் மீதி எவ்வளவு என்று நான்காம் வகுப்பில் படிக்கும் என் பேத்தியிடம் அண்மையில் கேட்டேன். உடனே தாளை எடுத்து, 100-க்குக் கீழே 63-ஐ எழுதி, கடன் வாங்கிய இடத்தில் ஒன்றைக் குறைக்க மறந்து, 47 என்றாள். தொடக்கப் பள்ளி ஆசிரியையாக நான் பணியாற்றிய காலம் முழுவதும் திருத்திய அதே பிழை.

எங்கள் தெருமுனை மளிகைக் கடைக்காரருக்கு இதற்குத் தாள் தேவையில்லை. 2 ரூபாய் நாணயத்தை வைத்து 65 என்பார். 5 வைத்து 70, 10 வைத்து 80, 20 வைத்து 100 என்று முடிப்பார். வைத்த நாணயங்களைக் கூட்டினால் 37. கழித்தல், கூட்டிக்கொண்டே ஏறுவதாக மாறிவிடுவதால் கடன் வாங்கும் வேலையே இங்கில்லை.

சற்றுக் கடினமான கணக்குகளும் இவ்வாறே எளிதாகும். ஓர் உண்டியலில் 2 ரூபாய், 5 ரூபாய் நாணயங்களாக மொத்தம் 20 இருக்கின்றன, தொகை 64 ரூபாய் என்றால், 5 ரூபாய் நாணயங்கள் எத்தனை? எல்லாமே 2 ரூபாய் நாணயங்கள் என்று வைத்துக்கொண்டால் 40 ரூபாய்தான் வரும். 24 ரூபாய் குறைகிறது. ஒரு 2 ரூபாயை எடுத்துவிட்டு ஒரு 5 ரூபாயை வைக்கும்போதெல்லாம் 3 ரூபாய் கூடும் என்பதால், எட்டு முறை மாற்ற வேண்டும், விடை 8. நாணயங்களைக் கையால் மாற்றி வைத்துப் பார்த்த என் பேத்தி, இதேபோன்ற இரண்டாவது கணக்கை அவற்றைத் தொடாமலே சொல்லிவிட்டாள்.

கைப்பேசியில் பணம் செலுத்தும் இக்காலத்தில், கடைக்குச் சென்று மீதிச் சில்லறையை எண்ணி வாங்கும் பழக்கம் பிள்ளைகளுக்கு அருகிவிட்டது; வீட்டில் கிடைக்காத அந்தப் பயிற்சியை வகுப்பறைதான் தர வேண்டும். ஆனால் என் பேத்தியின் பயிற்சி நூலிலோ, 25 பைசா நாணயங்கள் பன்னிரண்டு சேர்ந்தால் எத்தனை ரூபாய் என்ற கேள்வி இன்னும் இருக்கிறது. 2011 ஜூன் 30 முதல் செல்லாததாகிவிட்ட அந்த நாணயத்தை அவள் கண்ணால் கண்டதேயில்லை.

பயிற்சி நூல் எழுதுவோர், இன்று புழங்கும் 1, 2, 5, 10, 20 ரூபாய் நாணயங்களைக் கொண்டே கணக்குகளை அமைக்க வேண்டுகிறேன். ஆசிரியர்களும் ஒரு டப்பாவில் உண்மையான நாணயங்களை வகுப்பில் வைத்து, பிள்ளைகள் விடையை வாயால் சொன்ன பிறகே தாளில் எழுதச் சொல்ல வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
தஞ்சாவூர்.