கரண்ட் போன ஃபேன்

மச்சான்,

எட்டு மாதம் ஆகிவிட்டது. திட்ட வேண்டியதை முதலிலேயே திட்டிவிடு, அப்புறம் படி. உனக்கு முட்டி ஆபரேஷன் ஆனதே குள்ளன் சொல்லித்தான் தெரியும், அதுவும் தையல் பிரித்த பிறகு. எங்கப்பா போனபோது லண்டனிலிருந்து விழுந்தடித்து வந்து மூன்று நாள் எங்கள் வீட்டுத் திண்ணையிலேயே கிடந்தவன் நீ. நான் ஒரு போன்கூடப் போடவில்லை. நாளைக்குப் பேசலாம் என்று தள்ளித் தள்ளி, தள்ளியதே வெட்கமாகி, அந்த வெட்கத்திலேயே இன்னும் இரண்டு மாதம் ஓடிவிட்டது. இங்கே எல்லாரும் சுகம். பெரியவள் பன்னிரண்டாவது, அதனால் வீட்டில் டிவி கிடையாது. குள்ளன் மறுபடியும் மனை வாங்கியிருக்கிறான், மறுபடியும் வழியில்லாத மனை.

இப்போது எழுதுவதற்குக் காரணம், நேற்று ராத்திரி ஒன்றே முக்காலுக்கு, கம்ப்யூட்டரில் நான் செய்த ஆட்டோஜைரோ பறந்துவிட்டது.

ஷேர் ஆட்டோவா என்று கேட்காதே, உன் தங்கச்சி ஏற்கெனவே கேட்டாயிற்று. சியெர்வா சி.30 என்று 1930களில் பறந்த வண்டி. ஸ்பெயின்காரர் ஹுவான் தெ லா சியெர்வா வடிவமைத்தது, இங்கிலாந்தில் ஆவ்ரோ கம்பெனி கட்டியது. முன்னால் 140 குதிரைசக்தி எஞ்சின், அது சுற்றுவது மூக்கிலுள்ள புரொப்பெல்லரை மட்டும். தலைக்கு மேல் 37 அடி விட்டத்துக்கு மூன்று பிளேடு ரோட்டர் இருக்கிறதே, பறக்கும்போது அதற்கு எஞ்சினோடு சம்பந்தமே இல்லை. திரையை எட்டிப்பார்த்த உன் தங்கச்சி, "கரண்ட் போன ஃபேனை வைத்துக்கொண்டா பறக்கிறீங்க?" என்றாள். சும்மா கேலிக்குச் சொன்னாள், ஆனால் விஷயம் அதுதான். ஓலைக் காற்றாடியைக் கருவேல முள்ளில் குத்திப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடுவோமே, ஓட ஓடச் சுற்றுமே, அதே கதை. ரோட்டர் கொஞ்சம் பின்னால் சாய்ந்திருக்கும், காற்று அடியிலிருந்து புகுந்து மேலே போகும், அந்தக் காற்றே சுற்றிவிடும். எஞ்சின் நின்றுபோனால்? இறங்க இறங்கக் காற்று கீழிருந்துதானே வருகிறது, சுற்றிக்கொண்டே மெதுவாக வந்து உட்கார்ந்துவிடும்.

உருவத்தை பிளெண்டர் என்ற 3டி சாஃப்ட்வேரில் செய்துவிட்டேன், அது பொறுமை இருந்தால் போதும். பறக்கவைப்பது ஃபிளைட்கியர் என்ற விமான சிமுலேட்டரில். அங்கேதான் மூன்று வாரம் போனது. ரோட்டர் என்றாலே எஞ்சின் சுற்றும் என்ற நினைப்பை உதறி, ஒவ்வொரு பிளேடையும் துண்டு துண்டாகப் பிரித்து, எந்தத் துண்டில் காற்று எந்தக் கோணத்தில் படுகிறது என்று நானே கணக்கு எழுதினேன். ரோட்டர் சுற்றியது. வண்டி ஓடியது. சக்கரம் தரையை விட்டதும் பக்கவாட்டில் கவிழ்ந்தது. ஒவ்வொரு முறையும் அதே பக்கம்.

நான் ஜாய்ஸ்டிக் மேல் சந்தேகப்பட்டேன். பழையது, ஒருத்தரிடம் பாதி விலைக்கு வாங்கியது, "லைட்டா இடப்பக்கம் இழுக்கும் சார்" என்று பணம் கைக்குப் போன பிறகு சொன்னார். ஸ்க்ரூடிரைவர் எடுத்துக் கழற்றினேன். ஒரு ஸ்பிரிங் துள்ளி பீரோவுக்கு அடியில் போனது, இன்றுவரை வரவில்லை. இப்போது அது எல்லாப் பக்கமும் இழுக்கிறது.

அப்புறம் ஒருநாள் சியெர்வாவின் கதையைப் படித்துக்கொண்டிருந்தபோது பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. அந்த மனிதரின் முதல் மூன்று வண்டிகளுக்கும் இதே வியாதி! முன்னால் வரும் பிளேடுக்குச் சுழலும் வேகத்தோடு வண்டியின் வேகமும் சேர்கிறது, பின்னால் போகும் பிளேடுக்குக் கழிகிறது. ஒரு பக்கம் தூக்கும், மறு பக்கம் தூக்காது, குடைசாய வேண்டியதுதான். ஆனால் ரப்பர் முறுக்கில் பறக்க அவர் செய்த சின்ன மாடல் மட்டும் ஒழுங்காகப் பறந்தது. ஏன்? அதன் பிளேடு பிரம்பு, வளைந்து கொடுத்தது. பெரிய வண்டியில் பிளேடுகள் விறைப்பு. அதனால் ஒவ்வொரு பிளேடின் அடியிலும் ஒரு கீல் வைத்தார். கதவுக்கு வைக்கிற மாதிரிக் கீல்தான். காற்று அதிகம் பட்டால் பிளேடு மேலே எழும்பிக்கொள்ளும், வண்டியை உருட்டாது. 1923 ஜனவரியில் சி.4 பறந்தது. நான் என்ன செய்திருந்தேன் தெரியுமா? கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று பிளேடுகளை மையத்தோடு இறுக்கி வைத்திருந்தேன். நூறு வருஷத்துக்கு முந்தைய தப்பை, விடை கையிலிருக்கும்போதே, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து செய்திருக்கிறேன்.

கீலைப் போட்டதும் பறந்தது மச்சான். தரையில் நிற்கும்போது மட்டும் கிளட்ச் போட்டு எஞ்சினால் ரோட்டரைச் சுற்றிவிட்டு, கிளட்சை எடுத்து, ஓடி, எழும்பி... கத்திவிட்டேன். பெரியவள் எழுந்து வந்து முறைத்துவிட்டுப் போனாள்.

ஒன்று மட்டும் மனசில் கிடந்து உறுத்துகிறது. 1919இல் சியெர்வா கட்டிய மூன்று எஞ்சின் விமானம் வேகம் குறைந்து விழுந்து நொறுங்கியது. மெதுவாகப் போனாலும் விழாத வண்டி வேண்டும் என்று அதன்பிறகுதான் கிளம்பினார், அது பலித்தது. 1936 டிசம்பரில் கிராய்டனில் பனிமூட்டத்தில் கிளம்பிய பயணிகள் விமானம் ஒன்று வீடுகள் மேல் மோதியது. அதில் பயணியாக உட்கார்ந்திருந்தார். 41 வயது. நம்மைவிடச் சின்னவர். இதைப் படித்த அன்று நான் கம்ப்யூட்டரைத் திறக்கவில்லை. அப்பா நினைப்பு, உன் நினைப்பு, ஏதேதோ.

சரி, காரியத்துக்கு வருகிறேன். சவுத் கென்சிங்டன் சயின்ஸ் மியூசியத்தில் ஒரு சி.30 தொங்குகிறது. இரண்டாம் உலகப்போரின்போது ராடார்களைச் சரிபார்க்க வானத்தில் வட்டமடித்துக்கொண்டிருந்த பிரிட்டிஷ் விமானப்படையின் 529 ஸ்குவாட்ரன் வண்டி. இதன் வால் ஒரு விசித்திரம், ஒரு பக்கத்து வளைவு மேல்நோக்கி, மறுபக்கம் தலைகீழ். எனக்குக் கிடைத்த படமெல்லாம் எட்ட நின்று எடுத்தவை. நீ அடியில் நின்று வாலின் இரண்டு பக்கத்தையும், ரோட்டர் தலையிலிருந்து பைலட் கைக்குத் தொங்கி வரும் அந்த ஸ்டிக்கையும் எடுத்து அனுப்ப வேண்டும். உன் முட்டியை விசாரிக்காதவன் உன்னை மூன்றாம் மாடிக்கு ஏறச் சொல்கிறேன் பார். லிஃப்ட் இருக்கிறது, விசாரித்துவிட்டேன். வலித்தால் போகாதே.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் ஊர் காலை பத்து மணிக்கு நானே கூப்பிடுகிறேன். எடு.

உன்
ரூம் நம்பர் 14