சக் கழண்டு விழுந்த விஷயமா நம்ம வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

எல்லாருக்கும் வணக்கம். வருஷக்கணக்கா நம்ம கடையில ட்ரில் பிட்டுலேர்ந்து வைஸ் வரைக்கும் வாங்கிட்டு இருக்கிறவங்க, போன மாசம்தான் முதல் தடவை வந்தவங்க, எல்லாருக்கும் சேர்த்துதான் இதை எழுதுறேன். ஒரு வாரமா ஒரு வாய்ஸ் நோட் சுத்திட்டு இருக்கு, உங்கள்ல பாதி பேருக்கு வந்திருக்கும், எனக்கே நாலு பேரு ஃபார்வர்ட் பண்ணிட்டாங்க. நம்மகிட்ட வாங்குன பெஞ்ச் ட்ரில், அதான் மேஜை மேல நிக்க வச்சு ஓட்டை போடுற மெஷின், ஓடிட்டு இருக்கும்போதே பிட்டைக் கவ்விப் பிடிக்கிற சக் மொத்தமா கழண்டு டேபிள் மேல விழுந்துச்சாம், பழைய மெஷினுக்கு பெயிண்ட் அடிச்சு புதுசுன்னு தள்ளி விடுறோமாம். விலை ஜாஸ்தின்னு சொல்லியிருந்தா பேசிக்கலாம், டெலிவரி லேட்டுன்னு சொல்லியிருந்தா ஆமான்னு ஒத்துக்கிட்டு போயிருப்பேன். பெயிண்ட் அடிச்சு விக்கிறோம்னு சொன்னதுதான் ராத்திரி தூங்க விடல.

முதல்ல அந்த சக் எதுல நிக்குதுன்னு சொல்லிடுறேன், இது தெரிஞ்சா பாதி சண்டை முடிஞ்சிடும். அதுல போல்ட் கிடையாது, மரை கிடையாது. ஸ்பிண்டில்னு சொல்ற சுத்துற தண்டோட முனை லேசா கூம்பு மாதிரி இருக்கும், சக்குக்குப் பின்னாடி அதே சரிவுல ஒரு குழி இருக்கும், இரும்பும் இரும்பும் கடிச்சு பிடிச்சுக்கும், அவ்ளோதான். இந்தக் கூம்புச் சரிவுக்குப் பேரு டேப்பர், 13 எம்எம் பிட் வரைக்கும் பிடிக்கிற சக் வர்ற சின்ன மாடல்ல பெரும்பாலும் பி16ங்கிற அளவுதான், பெரிசுல எம்டி2ங்கிற அளவு இருக்கும், எதுவா இருந்தாலும் பிடிக்கிற விதம் ஒண்ணுதான். கம்பெனியிலேர்ந்து வரும்போது துரு ஏறக்கூடாதுன்னு அந்த ரெண்டு பக்கத்துலயும் பிசுபிசுன்னு ஒரு எண்ணெய் பூசி அனுப்புவாங்க. அதைத் துடைக்காம மாட்டுனீங்கன்னா முதல் பத்து ஓட்டை நல்லாத்தான் போடும், அப்புறம் அதிர்வுல நழுவி நழுவி ஒரு நாள் பொத்துன்னு விழும். எவ்ளோ விலை குடுத்து வாங்குன மெஷினா இருந்தாலும் விழும், பெயிண்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல.

செய்ய வேண்டியது, தின்னர்ல நனைச்ச துணியால ரெண்டு பக்கமும் விரல்ல ஒட்டாத அளவுக்கு துடைச்சு, காய விட்டு, சக்கோட மூணு தாடையும் முழுசா உள்ள போற வரைக்கும் திருப்பிட்டு, கீழேர்ந்து ஒரு மரக்கட்டையை வச்சு சுருக்குன்னு ஒரு தட்டு. தாடை வெளிய நீட்டிட்டு இருக்கும்போது தட்டுனாலோ சுத்தியலால நேரா போட்டாலோ சக் கெட்டுப் போகும், அப்புறம் பிட் நேராவே நிக்காது.

இன்னொண்ணும் இருக்கு. வாய்ஸ் நோட் போட்டவருகிட்ட போன்ல பேசுனப்ப அவரே சொன்னாரு, ட்ரில்லுல ஒரு கட்டரை மாட்டி பலகையை பக்கவாட்டுல தள்ளி காடி எடுத்துட்டு இருந்தாராம். ஐயா, கீழ அழுத்தி ஓட்டை போடும்போது அந்த அழுத்தமே சக்கை மேல ஏத்தி இறுக்கும், பக்கவாட்டுல தள்ளுனா அதே பிடி தளரும். இது பக்கவாட்டுல தள்ளி வெட்டுற மில்லிங் மெஷின் இல்ல. வாய்ஸ் நோட்ல இதை மட்டும் விட்டுட்டாரு, போகட்டும். முன்னாடியெல்லாம் இந்தத் துடைக்கிற மாட்டுற வேலையை நம்ம ஃபிட்டர் அண்ணன் கடையிலயே முடிச்சு குடுத்துடுவாரு, அவரு வேலையை விட்டு போனதுலேர்ந்து பெட்டி பிரிக்காமலேதான் போகுது, அது வேற விஷயம்.

அடுத்து, "ஒரு மெஷின் வாங்கப் போனா இன்டர்வியூ எடுக்குறாங்க"ன்னு இன்னொருத்தர் சொல்லியிருக்காரு. ஆமா, எடுக்குறோம், இனிமேயும் எடுப்போம். எதுல ஓட்டை போடப் போறீங்கன்னு கேக்காம எந்த மெஷினை எடுத்து குடுக்குறது? மரம் மட்டும்னா ஒரு மெஷின், எம்எஸ் பிளேட்டுன்னா, அதான் சாதா இரும்புத் தகடுன்னா, வேற மெஷின். எல்லாரும் வந்த உடனே எத்தனை வாட்டுன்னுதான் கேப்பாங்க, நான் குறைஞ்ச ஸ்பீடு எவ்ளோன்னு கேளுங்கம்பேன். சாதா இரும்புக்கு ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீடு ஸ்டீல்) பிட்டுன்னா ஒரு ஒப்பேத்துற கணக்கு இருக்கு, 8000த்தை எம்எம்ல இருக்கிற பிட் சைஸால வகுத்துக்கோங்க, நிமிஷத்துக்கு எத்தனை சுத்துங்கிற ஆர்பிஎம் வந்துடும். 5 எம்எம் பிட்டுக்கு 1600 ஆர்பிஎம், 10 எம்எம்முக்கு 800, 13க்கு 600 சொச்சம். ஸ்டெயின்லெஸ்னா அதுலயும் பாதி. பெரிய ஓட்டைக்கு மாட்டுற வட்ட ரம்பம், அந்த ஹோல் சா, 25 எம்எம்ல போட்டா 300 பக்கத்துல வந்து நிக்கும். இப்ப உங்க மெஷினோட அடி ஸ்பீடே 600னா ஹோல் சாவை வச்சு இரும்புல என்ன பண்ணுவீங்க, பல்லு கருகி நீலமாயிடும், பிட் மட்டம்னு நம்மகிட்டயே திரும்பி வருவீங்க. பெல்ட்டை மோட்டார் பக்கம் சின்ன புல்லிக்கும் ஸ்பிண்டில் பக்கம் பெரிய புல்லிக்கும் மாத்துனா வேகம் குறையும், முறுக்கு கூடும், அதனாலதான் 350 வாட் இன்டக்‌ஷன் மோட்டாரே 10 எம்எம் ஓட்டையை இரும்புல அலட்டாம போடுது. பெல்ட் மாத்த சோம்பல்பட்டு எல்லாத்தையும் ஒரே ஸ்பீடுல ஓட்டுறவங்கதான் அதிகம், அது நமக்குள்ள இருக்கட்டும்.

8 இன்ச், 10 இன்ச்னு பெட்டியில போட்டிருக்கிறது ஓட்டையோட ஆழம் இல்ல, இதை எத்தனை தடவை சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. சக் நடுவுலேர்ந்து பின்னாடி நிக்கிற தூண் வரைக்கும் 4 இன்ச்னா அதை ரெண்டாக்கி 8 இன்ச்னு போடுவாங்க, அதாவது 8 இன்ச் அகலப் பலகைக்கு நட்ட நடுவுல ஓட்டை போட முடியும். ஆழத்துக்கு ஸ்ட்ரோக், அதாவது கைப்பிடியை இழுத்தா சக் எவ்ளோ தூரம் கீழ இறங்குதுன்னு பாக்கணும், சின்னதுல 50 எம்எம், கொஞ்சம் பெரிசுல 80 வரைக்கும் கிடைக்கும். மேஜை கால் மாதிரி கனமான மரத்துல வேலை பாக்குறவங்களுக்கு 50 பத்தாது, பாதியில நிறுத்தி டேபிளை ஏத்தி மறுபடி போடணும்.

ஆட்டம் பத்தியும் சொல்லணும். வாங்குற இடத்துலயே, எங்ககிட்டன்னு இல்ல எங்க வாங்குனாலும், கைப்பிடியை முழுசா கீழ இழுத்து வச்சுட்டு சக்கைப் பிடிச்சு முன்ன பின்ன ஆட்டிப் பாருங்க. கடகடன்னு ஆடுனா வச்சுட்டு வந்துடுங்க. நுணுக்கமா ஆட்டத்தை அளக்குற டயல் கேஜ் இருந்தா நேரான ஒரு 10 எம்எம் ராடை சக்குல மாட்டி, கேஜ் முனையை அது மேல வச்சு கையால மெதுவா சுத்துங்க, முள்ளு 0.05 எம்எம் ஆட்டம் காட்டுனா அருமை, 0.1 வரைக்கும் வீட்டு வேலைக்கு ஓடும். அதுக்கு மேல போனா சக்கை கழட்டி அரை சுத்து திருப்பி மாட்டிப் பாருங்க, சிலது அதுலயே சரியாயிடும். போன லாட்ல மூணு மெஷின்ல ஸ்பிண்டில் பேரிங்கே கொஞ்சம் சரியில்லாம இருந்துச்சு, கேட்டவங்களுக்கு மாத்தி குடுத்தாச்சு. டேபிள் மட்டமா இருக்கான்னு பாக்க ஒரு கம்பியை எல் மாதிரி வளைச்சு சக்குல மாட்டி சுத்துங்க, முனை நாலு பக்கமும் ஒரே மாதிரி உரசணும்.

சின்ன துண்டு பிளேட்டை கையால பிடிச்சுக்கிட்டு ஓட்டை போடாதீங்க, பிட் மறுபக்கம் வெளிய வர்ற நேரத்துல கவ்விடும், பிளேட் விசிறி மாதிரி சுத்தும். துண்டைக் கவ்விப் பிடிக்கிற வைஸ் இல்லைன்னா நீளமான பக்கத்தை தூணுக்கு இடது பக்கமா வச்சு கிளாம்ப் போடுங்க, கவ்வுனாலும் தூண்ல முட்டி நின்னுடும். மெஷின் ஓட்டும்போது கிளவுஸ் போடவே கூடாது.

இவ்ளோ பேச்சு வந்த நேரத்துலயும் நாங்க கேக்காமலேயே "நான் ஆறு வருஷமா ஓட்டுறேன், பெல்ட் ஒரு தடவை மாத்துனேன், அவ்ளோதான்"னு பதில் போட்டவங்க, கடைக்கே வந்து "விடுங்கண்ணே"ன்னு தோள்ல தட்டிட்டு போனவங்க, உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்றதுன்னு தெரியல. கல்லாவுல உக்காந்துட்டு கண்ணு கலங்கிடுச்சு, எப்பவும் வர்ற ஒரு அண்ணன் பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம ரெண்டு பாக்கெட் பிட் வாங்கிட்டு போனாரு, அவருக்கு அந்த சைஸ் தேவையே இல்லைன்னு எனக்குத் தெரியும்.

இனிமே ஒவ்வொரு பெட்டியிலயும் சக் மாட்டுற முறையை தமிழ்ல ஒரு பேப்பர் வச்சு அனுப்புறோம், முன்னாடியே செஞ்சிருக்கணும், செய்யல, மன்னிச்சிடுங்க. வீட்டுக்கு வந்து மாட்டிக் குடுக்கிறது அடுத்த மாசத்துலேர்ந்து இல்ல, டெலிவரிக்கும் தனியா காசு.

வாய்ஸ் நோட் போட்டவருக்கு, கோவம் எல்லாம் இல்லைங்க. மெஷினைத் தூக்கிட்டு வர வேண்டாம், அது 20 கிலோ இருக்கும். இங்க இருக்கிற ஸ்பிண்டில்ல மாட்டிக் காட்டுறேன், சக்கை மட்டும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வாங்க, அதை இறுக்குற சாவி, அந்த சக் கீயையும் மறந்துடாதீங்க.